டிசம்பரில் முடிவெடுக்காதீர்கள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவருக்கு முதல் சில வாரங்கள் திருவிழாதான். டிராமும் பிடிக்கும், பனியும் பிடிக்கும். பிறகு ஒவ்வொன்றாக உறுத்தத் தொடங்கும். ஞாயிறன்று பால் வாங்கப் போனால் சூப்பர் மார்க்கெட் பூட்டிக் கிடக்கும். காலிக் கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போனால், 'ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது' என்பார் எதிர்வீட்டுப் பாட்டி. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில், 'இந்த ஊர் நமக்குச் சரிப்பட்டு வராது' என்று மனம் அடித்துச் சொல்லும்.

அது உங்கள் குறையல்ல. அமெரிக்காவில் தங்கிவிட்டு வந்த தம் நாட்டவர் 200 பேரின் அனுபவத்தை ஆராய்ந்து, நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அங்கே நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். அதிகம் தடுமாறியவர்கள் இடைப்பட்டவர்களே. எல்லோருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று பின்னாளில் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும், நடுவில் வரும் சோர்வே முடிவான தீர்ப்பு அல்ல என்ற செய்தி அதில் இருக்கிறது.

அந்தச் சோர்வு தீரும்வரை ஊரோடு பேசும் வீடியோ காலிலேயே குடியிருந்துவிடாதீர்கள். பாலைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவருக்கு நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். வாரம் ஒரு நாளாவது உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து விளையாடுங்கள், சமையுங்கள்.

மூட்டை கட்டுவதா வேண்டாமா என்பதை, ஒரு கோடையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.