நாரை திரும்பும் காலம்



வானத்து நாரைக்கும் புறாவுக்கும் தாம் திரும்பவேண்டிய காலம் தெரிந்திருக்க, தம் மக்களுக்குத் தெரியவில்லையே என்று ஆண்டவர் மனம் நொந்துகொள்வதை எரேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தவக்காலத்தில் இந்தப் பகுதியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு நம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம்தான் கண்முன் வருகிறது. 1994இல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் சட்டம் வருமுன்பே அந்த ஊரார் பறவைகளைக் காத்துவந்தார்கள்.

இப்போது அங்கே கூடு கட்டும் பருவம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்தோடு நிற்பதில்லை, வீடுகளுக்கு நடுவே உள்ள மரங்களிலும் கூடு கட்டிவிடுகின்றன. மரத்தடியெல்லாம் எச்சம், மீன் நாற்றம், ஓயாத இரைச்சல். அங்கே துணி காயப்போட முடியுமா? இருந்தும் அந்த மக்கள் மரத்தை வெட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கரைந்த குளத்துநீர் வயலுக்கு நல்ல உரம் என்பது உண்மைதான். உரத்துக்காக மட்டும் ஒருவர் தன் நிம்மதியை விட்டுக்கொடுப்பாரா? கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியை உங்களில் பலர் அறிவீர்கள். விழுந்தது பிழைக்காது என்று கடந்துபோவதுதான் உலக வழக்கம். அவர் கடந்துபோகவில்லை.

இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கு வழி சொல்ல நம்மால் ஆகாது. ஒரு குஞ்சுக்கு இறகு முளைக்கச் செய்யவும் ஆகாது. அவை கடவுளின் வேலை. வருகிறவை இறங்க இடம் வைத்திருப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நம் பங்கிலும் திரும்பிவர நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சை விட்டவர், குடியால் வந்த அவமானத்தில் கோவில் வாசலோடு நின்றுவிடுபவர், விரும்பியவரை மணந்ததற்காக வீட்டில் சேர்க்கப்படாத மகள். மனம் மாறி வரட்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வந்தால் பக்கத்தில் உட்கார இடம் கொடுப்போமா? அவர்களோடு சேர்ந்து வரும் அழுகையையும் கோபத்தையும் பொறுத்துக்கொள்வோமா? இயேசு சொன்ன உவமையில் ஊதாரி மைந்தனைத் தந்தை தொலைவிலேயே கண்டுகொண்டார். தினமும் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் போலும்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துப்போகிறோம்; பெற்றோரும் வாருங்கள். கூடுகளின் கீழ் நின்று கூச்சலிட வேண்டாம், பிளாஸ்டிக் பைகளும் வேண்டாம்.

அதற்குமுன் இந்த வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்கு வருமுன், உங்களோடு பேச்சு நின்றுபோன ஒருவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.