நான்கறிவு உயிரும் கொதிக்கும் சட்டியும்

மீன் கரைக்கு வருமுன்பே செத்துவிடுகிறது. ஆட்டைக் கறிக்கடைக்காரர் வெட்டிவிடுகிறார். கழிமுகத்துச் சேற்று நண்டு மட்டும் உயிரோடு வீடு வரை வருகிறது. அதைக் கொல்லும் வேலை சமைப்பவர் தலையில் விழுகிறது. உயிரைத் தின்னலாமா என்ற பழைய கேள்வியோடு, எப்படிக் கொல்வது என்ற கேள்வியும் இங்கே சேர்ந்துகொள்கிறது.

பிச்சாவரம், பழவேற்காடு போன்ற இடங்களில் கிடைக்கும் இந்த நண்டு, சேற்றில் வளை தோண்டி வாழ்வது. முட்டையிடும் காலத்தில் பெண் நண்டு கடலுக்குப் போகும். குஞ்சுகள் வளர்ந்து கழிமுகத்துக்குத் திரும்பும். பிச்சாவரத்து இருளர்கள் அலையாத்தி வேர்களுக்கிடையே கையை விட்டுத் துழாவியே நண்டு பிடிப்பவர்கள். பிடித்ததும் முதல் வேலை கொடுக்கைக் கட்டுவது. செவுளில் ஈரம் இருக்கும்வரை, நீருக்கு வெளியேயும் அது நாட்கணக்கில் பிழைத்திருக்கும். கூடையில் கிடக்கும் நண்டின் வாயோரம் சின்னச் சின்னக் குமிழிகளாக நுரை பொங்கும். செவுளில் மிஞ்சிய நீரையே திரும்பத் திரும்பச் சுழற்றி அது மூச்சு விடுவதால் வரும் நுரை அது. உயிரோடு விற்பதற்குக் காரணம் உண்டு. நண்டு செத்ததும் அதன் செரிமான உறுப்பின் நொதிகளும் பாக்டீரியாவும் சதையை விரைவாகக் கெடுத்துவிடும். அதனால்தான் செத்துக் கிடக்கும் சேற்று நண்டை விவரம் தெரிந்தவர்கள் வாங்குவதில்லை.

சமயங்களில் சில, நண்டு உணவாகுமா என்று மட்டுமே கேட்டன. துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர் ஆகாது என்றது விவிலியத்தின் லேவியராகமம். எந்த உயிரையும் தீட்டென்று தள்ளாதே என்று இயேசுவின் சீடர் பேதுரு யோப்பாவில் கண்ட காட்சிக்குப் பின் கிறிஸ்தவர்கள் அந்த விலக்கைக் கைவிட்டார்கள். இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் மாலிக்கி நண்டை அனுமதிக்கிறது. கடல் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும் என்பது ஹனஃபி. நீரிலும் நிலத்திலும் வாழ்வது என்பதால் ஷாஃபி நூல்கள் பல அதை விலக்கின. கடலிலேயே வாழும் நண்டுக்கு அது பொருந்துமா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. தமிழகக் கடலோர முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிகள், ராவுத்தர்கள் ஹனஃபிகள். ஆகவே இந்த வேறுபாடு இங்கும் உண்டு.

நண்டின் பக்கம் நின்று பார்த்த மரபு தமிழிலேயே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல், புலன்களின் எண்ணிக்கையை வைத்து உயிர்களை வரிசைப்படுத்துகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு; எறும்புக்கு மூன்று; நண்டுக்கு நான்கு. தொடுதல், சுவை, மணம், பார்வை நான்கும் உண்டு, செவி மட்டும் இல்லை என்பது அதன் கணக்கு. இதே வரிசை சமணத்தில் அறக்கணக்காகவும் ஆகிறது. ஈரறிவும் அதற்கு மேலும் உள்ள உயிரை வேண்டுமென்றே கொல்லலாகாது என்பது அங்கே இல்லறத்தாருக்கும் உரிய விரதம். சமணருக்கு நண்டு பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

பௌத்த வினய விதி இன்னும் நெருக்கமாகத் தொடுகிறது. தனக்காகக் கொன்றதைக் கண்டாலோ, கேட்டாலோ, ஐயுற்றாலோ துறவி அந்த ஊனை ஏற்கக் கூடாது. துறவிகளுக்கான விதிதான், ஆனாலும் கூடைமுன் நின்று 'அந்தப் பெரிய நண்டைக் கொடுங்கள்' என்று கைகாட்டுபவருக்கு அது மற்ற எந்த விதியைவிடவும் நேராகப் பொருந்துகிறது. அவருக்காகத்தான் அந்த நண்டு சாகப்போகிறது.

நண்டுக்கு வலிக்குமா? சூடு பட்டதும் அது காலை உதறுவதை வெறும் அனிச்சைச் செயல் என்று சொல்லிவிடலாம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் குழுவினர் செய்த சோதனைகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள், சிறு மின்னதிர்ச்சி பட்டதும் பிடிக்காத சங்கை எளிதில் விட்டு வெளியேறின. பிடித்த சங்கை விடத் தயங்கின. 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வில், கரை நண்டுகள் அதிர்ச்சி தந்த இருட்டு மறைவிடத்தைத் தவிர்த்து மற்றதற்குப் போகக் கற்றுக்கொண்டன. எதை இழப்பது, எதைத் தாங்குவது என்று ஓர் உயிர் எடைபோடுகிறதென்றால், அதற்குள் வலி போன்ற ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம். பிரிட்டன் 2022-ல் இயற்றிய சட்டம் நண்டையும் உணர்வுள்ள உயிர்களில் சேர்த்தது. சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் போடுவதை ஸ்விட்சர்லாந்து 2018-லேயே தடைசெய்திருந்தது.

உண்பதா வேண்டாமா என்பதை அவரவர் சமயமும் மனமும் முடிவு செய்யட்டும். உண்பது என்று முடிவான பின், வதையைக் குறைப்பது தட்ட முடியாத கடமை. அறுக்கும்போதும் நயமாக அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியின் கருத்து இங்கும் செல்லும். கொதிநீரில் உயிரோடு விழும் நண்டு உடனே சாவதில்லை. துடிக்கிறது, சில சமயம் கால்களைத் தானே கழற்றி உதிர்க்கிறது. ஐஸ் கலந்த நீரில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வைத்தால் அது அசைவற்று மரத்துப்போகும். பிறகு மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கி, அதன் அடியில் ஒரு குத்து. கண்களுக்கு நடுவே முன்பக்கம் இன்னொரு குத்து. நண்டின் நரம்பு மையங்கள் இந்த இரண்டு இடங்களில் இருக்கின்றன. இரண்டையும் தாமதமின்றிக் குத்தினால் சில நொடிகளில் உயிர் போய்விடும். அதன்பின் ஓட்டைப் பிரித்து, செவுளை நீக்கி, கழுவிச் சட்டியில் போடலாம்.