சரீரமும் கைங்கர்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுக்கு அடிமை செய்வதற்கே ஜீவனுக்குச் சரீரம் வாய்த்தது என்பது நம் பூர்வாசார்யர்களின் துணிபு. ஆகையால் உடல் நம்முடைய சொத்தன்று. அவன் நம்மிடம் ஒப்படைத்த பொருள். பிறர் பொருளைப் பேணுவதுபோல அதைப் பேணுதல் நம் கடமை.

பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து, பூப்பறித்து மாலை கட்டி வடபெருங்கோயிலுடையானுக்குச் சமர்ப்பித்தார். திருமலை நம்பி, திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்திற்காகப் பாபவிநாச தீர்த்தத்தை நாள்தோறும் குடத்தில் சுமந்து வந்தார். ஸ்ரீராமாநுஜரோ, ரஹஸ்யார்த்தம் பெறவேண்டித் திருவரங்கத்தினின்று திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. இவர்களுள் ஒருவரும் தேகபலத்தை நாடி இவற்றைச் செய்தாரல்லர். உழைப்பு கைங்கர்யத்தின் அங்கமாகவே அமைந்தது.

முன்னோர் இல்லங்களிலும் அவ்வாறே. வாசல் தெளித்துக் கோலமிடுதல், கிணற்றில் நீர் இறைத்தல், துளசி மாடத்தை வலம் வருதல், தரையில் அமர்ந்து எழுதல் ஆகிய யாவும் உடலை இயக்கின. இதன் பயனை மருத்துவமும் கண்டது. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறியிறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவு என்று ஜெரமி மாரிஸ் குழுவினர் 1953-ல் வெளியிட்டனர். நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. இரத்தத்தை இருதயத்திற்கு மேலேற்றவும் துணைபுரிகின்றன. வாரந்தோறும் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டும் என்றும், சிறிது நேர உழைப்பும் கணக்கில் சேரும் என்றும் 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

நீர் இறைக்க மோட்டாரும், மாவரைக்க இயந்திரமும் வந்து பெண்டிரின் பெரும் பாரத்தைக் குறைத்தன. அது நன்றே. ஆயினும் மிஞ்சிய பொழுது நாற்காலியில் கழிகின்றது. ஸந்நிதி வாசல்வரை வாகனம் வருகின்றது. நந்தவனத்திற்கோ நீர் வார்ப்பாரில்லை. பொருள் கொடுத்துப் பிறர் கையால் செய்விக்கும் கைங்கர்யத்திற்கும் பலன் உண்டு. எனினும், தன் கையால் செய்யும் பாக்கியத்தை இழப்பானேன்?

உத்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள பாகவதர்கள், வீதிப் புறப்பாட்டில் பெருமாளின் பின்னே நடந்து வரலாம், பிராகாரத்தைப் பெருக்கலாம், துளசிக்கு ஒரு குடம் நீர் வார்க்கலாம். ஊர் திரும்பிய பின்னும் இவற்றுள் ஒன்றையேனும் நித்யமாகக் கொள்ளலாம். இருதய நோயும் முழங்கால் வலியும் உடையோர் மருத்துவரைக் கேட்டு, இயன்ற அளவே செய்க. நிற்கவும் இயலாதவர் இருந்த இடத்திலிருந்து அஞ்சலி செய்தாலும், பெருமாள் அதனைக் குறைவாகக் கொள்வதில்லை.

அனைவர்க்கும் தீர்க்காயுளும் கைங்கர்ய ஸம்பத்தும் பெருகுவதாக.

சுபம்.