ஆற்றங்கரை ஆண்டி

பழனியில் முருகன் முகம் பார்க்க 693 படிகள் ஏறினேன். பண்டா ஆச்சேயில் மலை இல்லை, யானைப் பாதை இல்லை, மேலே போக இழுவை ரயிலும் இல்லை. சுமத்ராவின் வடகோடியில், ஆச்சே ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கெயுடா என்னும் தாழ்ந்த பேட்டையில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே குடியிருப்பவர்களில் ஒருவனாக நிற்கிறான். கோயில் பெயரை லத்தீன் எழுத்தில் எழுதியிருந்தார்கள். 'பழனி ஆண்டவர்' என்று எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது.

என் பையில் பழனிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று இருந்தது. அது என் அம்மாவின் கடன்.

நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். தங்கச்சி பிறந்தது ஒரு கார்த்திகை நட்சத்திரத்தில். பன்னிரண்டு வயது முடிந்ததும் அவள் கையாலேயே முருகனுக்குப் பஞ்சாமிர்தம் கொடுக்க வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கரைப்பேட்டையில் கடல் அவளைக் கொண்டுபோனது. அப்போது அவளுக்குப் பதினொன்று. அம்மா அதற்குப் பிறகு பழனிப் பேச்சை எடுக்கவில்லை. நான் கடலைத் தொடவில்லை. இருபது வருடம், கரைக்குப் போனாலும் ஈர மணலுக்கு முன்பே நின்றுவிடுவேன்.

அந்த அலை புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருந்த பெரிய நகரம் பண்டா ஆச்சே. அங்கே ஒரு பழனி ஆண்டவர் கோயில் இருந்தது, அதே அலை அதையும் அடித்துப் போட்டது, அங்கிருந்தவர்கள் மறுபடி எடுத்துக் கட்டினார்கள் என்று அறிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கேயே கொண்டுபோய்க் குடுத்துடு" என்றாள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் வழியில் சிரோன் இருக்கிறது. புல் மூடிய பரந்த மைதானம். அதன் அடியில் அலையில் இறந்த 46,000க்கும் மேற்பட்டவர்கள். ஆட்டோக்காரர், அங்கே அதற்கு பெச்சாக் என்று பெயர், வண்டியை நிறுத்தி இரு கைகளையும் ஏந்தித் துஆ கேட்டார். நானும் இறங்கி நின்றேன். அவரவர் இறந்தவர்களுக்காக அவரவர் மொழியில் நின்றோம். பிறகு அவர் கெயுடா எங்கே என்று யாரிடமும் கேட்காமல் நேராகக் கோயில் வாசலில் கொண்டுவந்து விட்டார்.

இந்தக் கரைக்குத் தமிழ் புதிதல்ல. ராஜேந்திர சோழன் தன் மெய்க்கீர்த்தியில் வென்றதாகச் சொல்லும் இலாமுரிதேசம் இந்தப் பக்கம்தான். 1025இல் கப்பல்களில் படை வந்தது. பிறகு வணிகர்கள் வந்தார்கள். இதே நகரின் நெயுசு பகுதியில் அவர்கள் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆச்சேக்காரர்கள் கடையை 'கெடே' என்கிறார்கள். மலாய் வழியாகப் போன நம் 'கடை'தான் அது. வாளோடு வந்தவன் போய்விட்டான், தராசோடு வந்தவர்களும் போய்விட்டார்கள். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1934இல், இங்கிருந்த தமிழர்கள் கட்டிய கோயிலில் வந்து நின்றவன் கையில் இருந்தது ஒரு கோல் மட்டும். அவன் போகவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கதவைத் திறக்க வந்தார். "எங்கேருந்து வர்றீங்க தம்பி?"

"நாகப்பட்டினம், ஐயா."

அவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்கேயும் வந்துச்சே" என்றார்.

அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை. பூட்டைக் கழற்றிக்கொண்டே அவர் மட்டும் சொன்னார்: "'ஆயர் லாவுட் நாயிக்'னு கத்திக்கிட்டே எல்லாரும் ஓடுனாங்க. கடல் ஏறுதுன்னு அர்த்தம். எந்தக் கடல் ஏறும்னு நின்னவங்களும் உண்டு." இந்த ஆற்றின் வழியாகவும்தான் கடல் உள்ளே வந்திருக்கிறது. சற்றுக் கீழே, அக்கரையில் லம்புலோவில் ஒரு மீன்பிடிப் படகு இன்றும் ஒரு வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. அன்று அதில் ஏறிய 59 பேர் பிழைத்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு படகு அவள் பக்கம் வந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். யாரைக் கேட்டேன்? அவனைத்தான். சண்டை போடவே வந்திருந்தேன், மறைப்பானேன்.

திரை விலகியது.

முருகா! அந்த நொடியை எப்படிச் சொல்வேன்! மாலைகள் இல்லை, கிரீடம் இல்லை, அங்கி இல்லை. அப்போதுதான் பெரியவர் நீராட்டத் தொடங்கியிருந்தார். கோவணம், ஒரு கோல், மழித்த தலை. பழனியில் கூட்டத்தின் தோள்களுக்கு இடையே இதே கோலத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! ராஜ அலங்காரத்துக்காகக் காத்திருந்து, ஆண்டிக் கோலத்தைத் தாண்டிப் போனவன் நான். இங்கே, வீடு போய், பிள்ளை போய், பாத்திரம் பண்டம் போய், உடுத்தியதும் போய் மனிதர்கள் நின்ற மண்ணில், அவனும் அப்படியே நின்றான். கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் துறந்து மலையேறிய பிள்ளை என்றுதானே கதை கேட்டு வளர்ந்தோம்! எல்லாம் பறிபோனவர்களுக்கு முன்னால் நிற்கத் தெரிய வேண்டும் என்றல்லவா அவன் அன்றே அனைத்தையும் கழற்றி வைத்திருக்கிறான்! அலை வந்தபோது அவனிடம் எடுத்துக்கொள்ள என்ன இருந்தது? சுவரை எடுத்தது, கூரையை எடுத்தது. ஆண்டியிடமிருந்து எதை எடுக்கும்!

உடம்பு நடுங்கியது. கேட்க வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அப்பனே, அப்பனே" என்று மட்டும் வந்தது. பிறகு அதுவும் அழுகையாகிவிட்டது. இருபது வருடம் உள்ளே இறுகிக் கிடந்தது வெயிலில் வைத்த வெண்ணெயாக இளகி ஓடியது. பெரியவர் என்னைத் தேற்றவில்லை. பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். பால் அவன் நெற்றியில் விழுந்து, கண்ணில் வழிந்து, மார்பில் இறங்கியபோது, அவனும் அழுகிறான் என்று கண்டேன். சத்தியமாகக் கண்டேன்.

அப்போது பாங்கு எழுந்தது. நகரத்தின் நடுவே பைத்துர்ரஹ்மான் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 1873இல் போரில் எரிந்து, 1881இல் மறுபடி எழுந்து, 2004இல் சுற்றிலும் எல்லாம் சரிந்தபோது சரியாமல் நின்று, ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. பெரியவர் மணியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் கைகூப்பியபடியே காத்திருந்தேன். இறைவனை அழைக்கும் ஒரு குரல் முடியும்வரை இன்னொரு குரல் காத்திருப்பதைவிடப் பெரிய பூஜையை நான் கண்டதில்லை. குரல்கள் அடங்கியதும் மணி ஒலித்தது.

பஞ்சாமிர்த டப்பாவை நீட்டினேன். "தங்கச்சி பேர்ல" என்றேன். பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். இருபது வருடத்துக்குப் பின் அவள் பெயர் ஒரு சங்கல்பத்தில் ஒலித்தது. மலைவாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சையும் ஏலமும் சேர்ந்த அந்த மணம் சின்னக் கருவறையை நிரப்பியபோது, அடிவாரத்துக் கடைகளும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும் அம்மாவின் இடுப்பில் அவளும் எல்லாம் அங்கே வந்துவிட்டன. மலையே இறங்கி வந்துவிட்டது. அவன் தோளிலிருந்து வழிந்ததில் கொஞ்சத்தைக் கையில் ஏந்தி, "இது அம்மாவுக்கு" என்று அதே டப்பாவில் போட்டார். இன்னும் கொஞ்சம் என் உள்ளங்கையில்.

இங்கே மிஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பங்குனி உத்திரத்துக்கு மேடானிலிருந்தும் அடியார்கள் வந்து சேர்வார்கள், காவடி எடுப்பார்கள், தெருவில் தேங்காய் உடைப்பார்கள். "அப்போ வாங்க தம்பி" என்றார். திருநீறு பூசிவிட்ட அவர் கட்டைவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வெளியே பெச்சாக்காரர் தொழுதுவிட்டு வந்து காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஆற்றைக் காட்டினார். நடந்தேன். எதிர்க்கரையில் பெனாயோங் கடைவீதி. அலையடித்த நாளில் சிதறிய படகுகளின் இடத்தில் புதுப் படகுகள், எங்கள் ஊர்ப் படகுகளைப் போலவே கண்ணைப் பறிக்கும் நிறங்களில். கடல் ஏறிக்கொண்டிருந்த வேளை. ஆறு மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது.

கையில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. நக்கியது போக மிச்சம். படித்துறை போன்ற ஒரு கல்லில் குந்தி, நீரைப் பார்த்தேன். பிறகு கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஈர விரலை நாக்கில் வைத்தேன்.

பஞ்சாமிர்தத்தின் இனிப்பு, அதன் மேலே உப்பு.