வீடு பார்க்க வருவோரும் வாயில்லாப் பிராணியும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாடகை வீடு பார்க்க வருவோரிடம், வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "நாய், பூனை ஏதும் உண்டோ?" என்பது. உண்டென்றால் வீடில்லை, இல்லையென்றால் சாவி கைமாறும். ஆகவே வந்தவர் இல்லையென்று கூறிவிட்டு, குடியேறிய மறுநாள் இரவில் நாயைக் கூடையில் மறைத்துக் கொணர்கிறார். இங்கே பொய்யர் யார்? சொன்னவர் மட்டுமா? பொய்யைத் தவிர வேறு விடைக்கு இடமின்றிக் கேட்டவருக்கும் அதிற் பங்கில்லையா?

வீட்டுக்காரர் பக்கம் நியாயமே இல்லையென்று கூறோம். 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி, அயலார்க்குத் தொல்லையோ அபாயமோ விளைக்கக்கூடிய பிராணியை வைத்திருத்தலாகாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால் 3 நாட்களுக்குள் அகற்றல் வேண்டும். நாயின் ஈரம் பட்டால் கழுவித் தூய்மை செய்யும் சமயக் கடமையுடைய முஸ்லிம் அண்டை வீட்டாரும் இருப்பர். அவர் மனத்தைப் புறக்கணித்தல் பண்பன்று. எனினும் அவ்விதி பேசுவது தொல்லையைப் பற்றி. நாய் என்ற பெயரைப் பற்றியன்று. எவ்வளவு பெரியது, பகலில் அதனை யார் பார்ப்பர், உரிமம் எடுத்ததா என்று கேட்க ஐந்து நிமிடம் செல்லுமா?

கேளாமலே கதவடைப்பது எத்தகையது என்று நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. "இந்தியர் வேண்டாம்" என்று எழுதிய வாடகை விளம்பரங்களைக் கண்டு உள்ளம் கொதித்தவர் நாம். மனிதனையும் நாயையும் ஒன்றாக்குகிறேனென்று எவரும் திரிக்க வேண்டாம். நடத்தையைப் பாராது பெயரைக் கொண்டு தள்ளும் பழக்கத்தையே சொல்கிறேன். அவ்விளம்பரத்தால் அவமானமுற்ற தமிழரே, தாமும் ஒரு வீட்டுக்கு உடையவரானதும் அதே குரலிற் பேசத் தொடங்குவதுதான் விந்தை!

அதிலும் இவர்களுட் பலர் தோட்டத்து லயத்தில், நாயும் கோழியும் ஆடும் சூழ வளர்ந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பின்னர் வீடமைப்பு நிலங்களாகியும் போனபோது மக்கள் அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தனர். வாசலைக் காத்த நாய்க்கு அங்கே வாசலே இல்லை.

பாரதக் கதை கேட்டுக் கண்ணீர் உகுப்போரும் நம்மில் உளர். நாயை விட்டு வா என்று இந்திரன் அழைத்தபோது, அவ்வாறாயின் சொர்க்கமே வேண்டாமென்று தருமன் நின்ற இடத்தில் இவர்களுக்கு மெய்சிலிர்க்கும். (அந்த நாய் முடிவில் தருமதேவதை ஆயிற்றாம். கிள்ளான் நாய், பாவம், கடைசிவரை நாய்தான்.) ஆனால் தருமன் நாயைக் கூடையில் மறைத்து உள்ளே நுழையப் பார்க்கவில்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை. குடிவருவோர் கவனிக்க வேண்டியது அதைத்தான். மறைத்தது வெளிப்பட்டால் மனிதர் இழப்பது வைப்புப் பணம். பிராணி இழப்பதோ சோறும் நிழலும். பொய் சொன்னவர் ஒருவர், தண்டனை பெறுவது மற்றொன்று.

வீட்டுக்காரர் தம் வீட்டைக் காட்டும் நாளில், வந்தவர் தம் நாயையும் அழைத்து வந்து காட்டினாலென்ன? அது குரைப்பதை அவர் தம் காதாலேயே கேட்கட்டும். சம்மதமாயின், போகும்போது கீறலைச் சரிசெய்து தரும் பொறுப்பு யாருடையதென்று உடன்படிக்கையில் எழுதிக் கொள்ளலாம். வேண்டாமென்றால் காரணத்தையும் சேர்த்து அன்றே சொல்லிவிடலாம்.