எழுந்தவனுக்கும் ஒரு கை வேண்டும்



அப்போஸ்தலர் பணி நூலின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பிற்பகல் மூன்று மணி, செபவேளை. இராயப்பரும் அருளப்பரும் எருசலேம் தேவாலயத்துக்குப் போகிறார்கள். பிறவியிலேயே கால் வழங்காத ஒருவனை நாள்தோறும் யாரோ தூக்கிவந்து, 'அழகு வாயில்' என்னும் வாசலண்டை வைத்துவிட்டுப் போவது வழக்கம். அவன் பிச்சை கேட்கிறான். கொடுப்பதற்கு இராயப்பரிடம் காசு இல்லை. அவர் இயேசுவின் திருநாமத்தைச் சொல்லி, அவனுடைய வலக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். அந்தக் கணமே அவன் பாதங்களும் கணுக்கால்களும் பலம் பெறுகின்றன. துள்ளி எழுந்து, நடந்து, அவர்களோடு தேவாலயத்துக்குள் நுழைகிறான்.

இதை எழுதிய புனித லூக்காஸ் மருத்துவர் என்று புனித சின்னப்பரே கொலோசேயருக்கு எழுதிய திருமுகத்தில் குறிப்பிடுகிறார். அதனாற்தான் போலும், கால் என்று பொதுப்படச் சொல்லிவிடாமல் பாதம், கணுக்கால் என்று பிரித்துச் சொல்லுகிறார். கணுக்கால் உறுதியாய் இல்லாதவனுக்கு நிற்பது எத்தனை பெரிய காரியம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கணுக்கால் முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்த வாசகத்தைக் கேட்கும்போது என்ன நினைப்பார்கள்? 'அவனுக்கு ஒரு கணம். எனக்கோ ஏழு மாதமாகியும் படியேற முடியவில்லையே' என்றுதான் நினைப்பார்கள். நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு தாய் என்னிடம் நேரே சொன்ன வார்த்தை இது.

அவர் கடற்கரைப் பக்கத்துப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர். மாரிகாலத்தில் ஒருநாள் கிணற்றடியில் பாசியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வைத்தியசாலையில் தகடும் ஆணியும் வைத்துப் பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்த முதற் கிழமை ஊரே திரண்டு வந்தது. பழம் வந்தது, மா வந்தது, சூப்பு வந்தது. பங்குக்குரு என்ற முறையில் நானும் போனேன். தலையில் கை வைத்துச் செபித்தேன். 'கெதியாய்ச் சுகம் வரும்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பின் நான் போகவில்லை. இதை மறைத்து என்ன பயன்? சுகமாகியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். பல மாதங்கள் கழித்து, ஞாயிறு பூசையில் அவருடைய இடம் வெறுமையாய்க் கிடப்பது ஒருநாள் கண்ணிற் பட்டது. போய்ப் பார்த்தேன். விறாந்தையில், வீங்கிய காலை வாங்கின் மேல் நீட்டியபடி இருந்தார்.

"முதற் கிழமை வந்த சனத்துக்குக் கதிரை காணாமப் போச்சு, சுவாமி. இப்ப கதிரையெல்லாம் சும்மா கிடக்குது" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளையள் கனடாவிலையிருந்து போனிலை கேக்கினம், 'இன்னும் மாறேல்லையோ அம்மா?' எண்டு. நோவைத் தாங்கிப்போடுவன், சுவாமி. அந்தக் கேள்விதான் தாங்கேலாது" என்றார்.

ஏன் கோவிலுக்கு வருவதில்லை என்று கேட்டேன். படி ஏறுவது கடினம். அதைவிட, எல்லாரும் முழங்காலில் நிற்க, தான் மட்டும் கதிரையில் இருப்பதை நாலுபேர் திரும்பிப் பார்க்கிறார்களே என்ற கூச்சம். இயன்மருத்துவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியையும் நாலாம் மாதத்தோடு விட்டுவிட்டார். 'இனி இவ்வளவுதான்' என்று தனக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொண்டார்.

அன்பர்களே, அந்த வீட்டிலிருந்து திரும்பும் வழியில் என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. அவர் அழகு வாயிலுக்கு வெளியே இருக்கிறார். தூக்கிவர வேண்டிய நாங்கள் முதற் கிழமையோடு ஓய்ந்துவிட்டோம்.

சத்திரசிகிச்சை முடிந்தால் வருத்தம் முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அப்படியல்ல. பாதத்தில் மாத்திரம் 26 எலும்புகள் உண்டு. உடம்பின் முழுப் பாரமும் ஒவ்வொரு அடியிலும் கணுக்காலின் வழியாகத்தான் நிலத்தில் இறங்குகிறது. தகடு எலும்பைப் பிடித்து வைத்திருக்குமேயன்றி ஒட்டவைக்காது; ஒட்டுவது உடம்பின் வேலை. அதற்கு 6 முதல் 12 வாரங்கள் செல்லும். பெரும்பாலும் முதற் பல வாரங்கள் காலை ஊன்றவே விடமாட்டார்கள். அதற்குள் கெண்டைக்காலின் தசை மெலிந்து, மூட்டு விறைத்துப் போகும். பிறகுதான் உண்மையான நடைப்பயிற்சி தொடங்குகிறது. பின்னேரங்களில் வீங்குவதும், காலையில் முதல் அடி வைக்கும்போது நோவதும் மாதக் கணக்கில் இருக்கும். பலருக்கு முழுமையாய்த் தேற ஓராண்டு செல்லும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகும்.

எங்கள் முன்னோர் இதை அறியாதவர்களா? ஒட்டகப்புலத்துக்குப் போய்ப் புக்கை கட்டிய காலத்திலும், கட்டிய மறுநாளே ஓடலாம் என்று யாரும் நினைக்கவில்லை. மாற்றிக் கட்டுவதற்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், பொறுத்திருந்தார்கள். இன்று மருந்து வளர்ந்துவிட்டது, பொறுமைதான் குறைந்துவிட்டது.

காலில் அடிபட்டு மாதக் கணக்கில் படுத்திருந்த ஒருவரைத் திருச்சபை ஆண்டுதோறும் ஜூலை 31-ல் நினைவுகூருகிறது. 1521-ம் ஆண்டு மே 20-ந் தேதி, ஸ்பானிய நாட்டின் பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டொன்று இனிகோ என்னும் வீரரின் வலக்காலை நொறுக்கி, இடக்காலையும் காயப்படுத்தியது. அவருக்கு அப்போது முப்பது வயதளவு. லொயோலாவில் உள்ள வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். எலும்பு பிசகிப் பொருந்தியிருந்தபடியால் மறுபடியும் முறித்துப் பொருத்தினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. சாகும் தறுவாய்க்குப் போய், இராயப்பர் சின்னப்பர் திருநாளையொட்டித் தேறினார். ஆயினும் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தி நின்றது; காலும் கட்டையாகிவிட்டது. பிரபுக்கள் அணியும் அழகான சப்பாத்தைப் போட முடியாதே என்ற கவலையில், அந்த எலும்பை வெட்டியெடுக்கச் செய்தார். காலை நீட்டுவதற்காக இழுத்துக் கட்டவும் செய்தார். இத்தனை வேதனைப்பட்டும், சாகும்வரை நொண்டித்தான் நடந்தார்.

அந்த வீட்டில் அவரைப் பராமரித்தவர் அண்ணி மகதலேனா. பொழுது போகாமல் வீரர் கதைகள் கேட்டவருக்கு, கிறிஸ்துநாதரின் சரித்திரமும் புனிதர்களின் சரித்திரமும்தான் கிடைத்தன. மாதக் கணக்கில் படுத்திருந்தபடி வாசித்தார், வாசித்ததை எண்ணினார். அரண்மனைக் கனவுகள் நேரம் போனபின் மனத்தை வறட்சியாக்குவதையும், கிறிஸ்துவைப் பற்றிய எண்ணங்கள் நிறைவைத் தந்து நிலைப்பதையும் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார். 1522-ன் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது அவர் வேறு மனிதர். அவரே புனித இஞ்ஞாசியார். அவர் தொடங்கிய சேசு சபையைத் திருத்தந்தை 1540-ல் அங்கீகரித்தார்.

அவருடைய தோழர் சவேரியார் 1542-ல் கோவாவில் வந்திறங்கி, முத்துக்குளித்துறைக் கரையெல்லாம் கால்நடையாகத் திரிந்தார். 1544-ல் அவர் அனுப்பிய குருவானவரிடம் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாண அரசனின் வாளுக்கு இரையாகி வேதசாட்சிகளானார்கள். நாம் பெற்ற விசுவாசத்தின் வேரைத் தோண்டிப் போனால், லொயோலாவில் கால் முறிந்து கிடந்த ஒருவரின் கட்டிலும் அங்கே தட்டுப்படும். அந்தக் கட்டிலருகே ஓர் அண்ணி நின்றதும் தெரியும்.

நோயாய்க் கிடக்கும் சகோதர சகோதரிகளே, படுக்கையில் கிடப்பவர் எல்லாரும் இஞ்ஞாசியார் ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது உங்கள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும். நான் சொல்லுவது இதுதான்: இந்த மாதங்கள் வீணாய்ப் போன மாதங்கள் அல்ல. இராயப்பர் மூலம் ஒரு கணத்திற் செய்ததை ஆண்டவர் உங்களிடம் ஓராண்டாகச் செய்கிறார். ஆகவே மருத்துவர் விதித்த நாளுக்கு முன் காலை ஊன்றாதேயுங்கள். அவர் அனுமதித்த பிறகு, நோகிறதே என்று பயிற்சியைக் கைவிடாதேயுங்கள். ஓய்வெடுக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். தகடு வைத்த காலை, மருத்துவரைக் கேளாமல் எண்ணெய் போட்டு இழுத்து உருவக் கொடாதேயுங்கள். கெண்டைக்காலில் திடீரென்று நோவும் வீக்கமும் கண்டாலோ, மூச்சு முட்டினாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ, விடியட்டும் என்று இராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். காலையிலும் மாலையிலும் பாதத்தை மடக்கி நீட்டும் அந்தப் பயிற்சியையே உங்கள் காலைச் செபமாகவும் மாலைச் செபமாகவும் ஒப்புக்கொடுங்கள்.

முழங்காலில் நிற்க இயலாதவர் இருந்தபடியே ஆராதிக்கலாம். திருச்சபை அதற்குத் தடை சொன்னதில்லை. வரவே இயலாதவருக்கு ஞாயிறு கடமை இல்லை. கேட்டால் நற்கருணை வீடு தேடி வரும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இனி, குடும்பத்தாருக்கும் அயலவருக்கும் ஒரு வார்த்தை. அப்போஸ்தலர் பணி அதே அதிகாரத்தை இன்னும் சில வசனங்கள் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். துள்ளிக் குதித்துத் தேவாலயத்துக்குள் போன அந்த மனிதன், அதன் பிறகும் இராயப்பரையும் அருளப்பரையும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தான். நான் இதைப் பல ஆண்டுகள் கவனியாமலே கடந்து போயிருக்கிறேன். அற்புதமாய்க் குணமான கால்களுக்கே பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது என்றால், தகடும் ஆணியும் வைத்துத் தேறும் கால்களுக்கு எவ்வளவு காலம் வேண்டும்! இராயப்பர், 'அதுதான் சுகமாகிவிட்டதே' என்று அவன் கையை உதறிவிடவில்லை.

எங்கள் மண்ணில் இந்தப் பாடம் புதியதும் அல்ல. போரில் காலை இழந்தவர்களுக்காக யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்ச் செயற்கைக்கால் நிலையம் 1987-ல் தொடங்கப்பட்டது. அங்கே கால் பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். கால் கிடைத்த நாளோடு காரியம் முடிவதில்லை. நடக்கப் பழக வேண்டும். உரசிப் புண்ணானால் ஆற்ற வேண்டும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளையானால் மறுபடி மறுபடி அளவெடுக்க வேண்டும். இன்று நீரிழிவினால் விரலையும் பாதத்தையும் இழப்போரும் நம் நடுவே இருக்கிறார்கள். சிலர் பழைய நடைக்கு ஒருநாளும் திரும்பப் போவதில்லை. அவர்களிடம் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பொய் சொல்ல வேண்டாம். உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தம் கைகளையும் கால்களையும் காட்டினார். ஆணித் தழும்பை அவர் ஒளித்துக்கொள்ளவில்லை. தழும்போடு நடப்பவர் குறைந்த மனிதர் அல்லர்.

அந்தத் தாயின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஞாயிறு, பங்கு இளைஞர் இருவர் போய் அவரைக் கதிரையோடு தூக்கிப் படியேற்றினார்கள். பக்க வாசலண்டை இன்னும் மூன்று கதிரைகளைப் போட்டு, முழங்கால் மடக்க இயலாத வேறு சிலரையும் அங்கே இருத்தினோம். அதன்பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி பின்னேரத்தில் வந்து, பயிற்சி செய்யும்போது எண்ணிக் கொடுத்தாள். கனடாவிலிருக்கும் மகனுக்கு நானே எழுதினேன்: 'மாறிவிட்டதா என்று கேட்காதே, இன்று எத்தனை அடி நடந்தாய் என்று கேள்.' ஓராண்டு முடிந்தபோது தடியூன்றிப் படியேறினார். தடி இன்னும் கையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் நோவும் இருக்கிறது. முழங்காலில் நிற்கிறதில்லை, பூசைக்கு மட்டும் தவறுவதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் ஒழுங்கையில் நாலு மாதத்துக்கு முன் நீங்கள் பழம் கொண்டுபோய்ப் பார்த்த ஒருவர் இருப்பார். இந்தக் கிழமை மறுபடியும் அவரிடம் போங்கள். வெறுங்கையோடு போனாலும் குற்றமில்லை. வெள்ளியும் பொன்னும் இராயப்பரிடமும் இருக்கவில்லை, கை இருந்தது.