வண்ணக்கனின் கண்

காந்தியின் பிறந்தநாள் நூற்றாண்டை ஒட்டி 1969இல் இந்திய அரசு பத்து ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. எடை 15 கிராம், குறுக்களவு 34 மில்லிமீட்டர், ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. முகப்பில் காந்தியின் தலையும் 1869–1948 என்ற ஆண்டுகளும் இருக்கின்றன. அச்சிட்ட ஆண்டு எங்கும் இல்லை. அதனால் இதை 1948ஆம் ஆண்டுக் காசு என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் எழுத்தைச் சரியாகத்தான் படிக்கிறார்கள். காசைத்தான் தவறாக அறிகிறார்கள். ஒரு பழைய நினைவு நாணயத்தை மதிப்பிடுவதில் உள்ள கேள்வி இங்கேயே தொடங்குகிறது: பார்ப்பதும் அறிவதும் ஒன்றா?

இந்தக் கேள்வியைக் காசை வைத்தே ஆராய்ந்தவர் பௌத்த அறிஞர் புத்தகோசர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தின் மகாவிகாரையில் அவர் எழுதிய விசுத்திமக்கத்தில் ஓர் உவமை வருகிறது. காசு மாற்றுபவரின் பலகையில் காசுகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு குழந்தை பார்க்கிறது: வட்டம், சதுரம், மேலே ஏதோ சித்திரம் என்பதோடு அதன் அறிவு முடிகிறது. நாட்டுப்புறத்தான் பார்க்கிறான்: இது மனிதர் ஆசைப்படும் பொருள், கொடுத்தால் பண்டம் கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் எது நல்ல காசு, எது கள்ளக்காசு, எது பாதி மதிப்புள்ளது என்று தெரியாது. காசு மாற்றுபவருக்கு அதுவும் தெரியும். கண்ணால் பார்த்து, தட்டி ஓசை கேட்டு, முகர்ந்து, சுவைத்து, கையில் ஏந்தி எடை பார்த்து, எந்த ஊரில் எந்த ஆசான் அடித்தது என்பது வரை சொல்லிவிடுவார். முதல் நிலையைச் சஞ்ஞா என்றும், இரண்டாவதை விஞ்ஞாணம் என்றும், மூன்றாவதைப் பஞ்ஞா என்றும் புத்தகோசர் பிரித்துக் காட்டுகிறார்.

தமிழில் அந்த மூன்றாமவருக்குத் தனிப் பெயரே உண்டு: வண்ணக்கன். காசைச் சோதிக்கும் தொழில் சங்ககாலப் புலவர் சிலரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நாணயம் என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. காசுக்கும் நேர்மைக்கும் தமிழன் அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறான்.

இன்றைய வண்ணக்கன் காந்தி காசைக் கையில் எடுத்தால் முதலில் விளிம்பைப் பிடிப்பார். முகத்தில் விரல் படாது. பிறகு ஒற்றை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துச் சுழற்றுவார். அச்சு ஓங்கி விழும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நெளிந்து ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஆரக்கோடுகளாக மேற்பரப்பில் உறைந்து நிற்கும். புழங்காத காசைச் சாய்த்தால் அந்தக் கோடுகளின் மேல் ஒளிக்கீற்று ஒன்று வண்டிச்சக்கரத்தின் ஆரம்போல் சுற்றி வரும். தேய்மானம் அந்தக் கீற்றை அறுக்கிறது. காந்தியின் கன்னம், மறுபக்கத்துச் சிங்க முத்திரையின் பிடரி என்று எங்கெல்லாம் உருவம் மேடாக இருக்கிறதோ அங்கேதான் முதலில் அறுபடும். காசில் சிறு வைரக்குறி இருந்தால் பம்பாய் அக்கசாலை. குறி இல்லையென்றால் கல்கத்தா.

காசு கறுத்திருப்பதைக் குறை என்று நினைப்பது நாட்டுப்புறத்தான் நிலை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலம் உண்டாகிறது; அது தடிக்கத் தடிக்க மஞ்சள், செம்மை, நீலம், கருமை என்று நிறம் மாறும். தமிழ் வீடுகளில் வெள்ளிச் சாமானை விபூதி போட்டுத் துலக்குவது வழக்கம். குத்துவிளக்குக்கும் குங்குமச்சிமிழுக்கும் அது அழகு. காசுக்கு அது கேடு. படலத்தோடு ஆரக்கோடுகளும் போய்விடுகின்றன. பளபளப்பு மிஞ்சுகிறது, ஆனால் கீற்று சுற்றாது. ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களே தெரியும்.

இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளி என்று மயங்குவது இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட உதாரணம். அங்கே இல்லாத வெள்ளி எப்படித் தோன்றியது என்பதில் அத்வைதியும் நையாயிகரும் மீமாம்சகரும் ஒத்துப்போகவில்லை. துலக்கிய காசு இந்த உதாரணத்தைத் தலைகீழாக்குகிறது. இங்கே வெள்ளி உண்மை. பொய்யாக ஏற்றப்பட்டது புதுமை. ஐம்பது ஆண்டு வாழ்ந்த பொருள் வாழாததுபோல் நிற்கிறது. விலை இறங்குவதற்கு வியாபாரிகளின் பிடிவாதம் காரணமல்ல. காசு தன் கதையைச் சொல்லும் திறனை இழந்துவிட்டது.

அப்படியானால் நிலை என்பது காசிலேயே இருக்கும் குணமா, பார்ப்பவர் இடும் பெயரா? இதை எண்ணாலேயே தீர்க்க முயன்றவர் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன். பழைய செப்பு சென்ட் காசுகளுக்காக 1949இல் அவர் வகுத்த அளவுகோல் 1 முதல் 70 வரை போகிறது. அடையாளம் மட்டுமே தெரியும் தேய்ந்த காசுக்கு 1, பழுதே இல்லாததற்கு 70. அந்த எண்ணை அடிப்படை விலையால் பெருக்கினால் காசின் விலை வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சந்தை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. நிலையைக் குறிக்கும் எண் உலகெங்கும் நிலைத்துவிட்டது, விலை அதைவிட்டுக் கழன்றுகொண்டது. ஒரே காசுக்கு இருவேறு நிபுணர்கள் 64 என்றும் 65 என்றும் சொல்வது இன்றும் நடக்கிறது. அதைக் கொண்டு எல்லாம் அவரவர் கற்பனை என்று முடிவு கட்டுவது பிழை. கன்னத்தில் உலோகம் தேய்ந்தது யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தேய்ந்ததுதான். எந்த இடத்தில் கோடு போட்டு எண்ணை மாற்றுவது என்பது மட்டுமே மனிதர் செய்துகொண்ட உடன்பாடு.

அரிஸ்டாட்டில் காசின் கிரேக்கப் பெயரை நோமோஸ், அதாவது வழக்கு அல்லது சட்டம், என்ற சொல்லோடு சேர்த்துப் பேசினார்: பணம் இயற்கையால் உண்டானதல்ல, வேண்டாமென்றால் மனிதர் அதைச் செல்லாததாக்கவும் முடியும். காந்தி காசின் பத்து ரூபாய் அப்படிச் சட்டம் கொடுத்தது. அதிலுள்ள 12 கிராம் வெள்ளியை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை. நினைவு நாணயத்தில் இந்த இரண்டும் இழுபறி செய்யும். சிகாகோ கண்காட்சிக்காக 1892–93இல் அடித்த கொலம்பஸ் அரை டாலர், ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. விற்காமல் தேங்கியவற்றில் பல பிறகு அரை டாலருக்கே புழக்கத்தில் விடப்பட்டன. அதனால்தான் இன்று கிடைப்பவற்றில் தேய்ந்தவை ஏராளம். அவற்றின் விலை குறைவு. ஆனால் பெட்டியில் தூங்கிய காசுக்கு இல்லாத ஒரு சாட்சியம் அவற்றிடம் உண்டு. அவை ரொட்டி வாங்கியிருக்கின்றன, கூலியாகக் கைமாறியிருக்கின்றன. விலைப்பட்டியலில் இதற்கு இடமில்லை என்பதால் இது மதிப்பு இல்லை என்று ஆகாது.

புத்தகோசர் தம் உவமையோடு நிறுத்தவில்லை. சஞ்ஞாவும் விஞ்ஞாணமும் இருக்கும் இடமெல்லாம் பஞ்ஞா இருக்கும் என்பதில்லை என்கிறார். மூன்றும் கூடி எழும்போதோ, இது இது என்று பிரித்துக் காட்டுவது மிகக் கடினம் என்கிறார். விளக்கின் கீழ் காசைச் சாய்க்கும் வண்ணக்கன் குழந்தை பார்க்கும் வட்டத்தையும், நாட்டுப்புறத்தான் பார்க்கும் பணத்தையும், அறுபட்ட கீற்றையும் அந்த ஒரே நொடியில்தான் பார்க்கிறார்.